பாய்லருக்கு அடியில் ஒரு சுண்டெலி

பனி கொட்டும் ஊர் ஒன்றில் பெரிய வணிக வளாகம் இருந்தது. அதன் அடித்தளத்தில் இருந்த பாய்லர் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே மேலே அனுப்பும். அந்தச் சூட்டில்தான் மூன்று மாடியிலும் ஜனங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பாய்லருக்கு அடியில் ஒரு சுண்டெலி நாலு குட்டிகளோடு குடியிருந்தது.

ஒரு நாள் பாய்லர் கிடுகிடுவென்று நடுங்கியது. அழுத்தம் காட்டும் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது.

"என்ன அண்ணே இது?" என்றது சுண்டெலி.

"வால்வு அடைச்சுக்கிச்சு. யாருக்கும் தெரிய வேணாம் தாயி. தெரிஞ்சா என்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க."

"வெடிச்சுட்டா?"

"வெடிக்காது," என்றது பாய்லர். அதன் குரலே சரியில்லை.

சுண்டெலி திரும்பிப் பார்த்தது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. வெளியே தூக்கிப் போனால் பனியில் விறைத்துவிடும். அது படியேறி ஓடி, கூட்டத்துக்குள் புகுந்தது. ஜனங்கள் அலறினார்கள். காவலாளி துடைப்பத்தோடு துரத்தினான். சுண்டெலி அவனைப் பாய்லர் அறைவரை இழுத்து வந்தது. முள்ளைப் பார்த்ததும் அவன் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டான்.

வால்வை மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காவலாளி போகும்போது மூலையில் ஓர் எலிப்பொறியை வைத்துவிட்டுப் போனான்.

"பாத்தியா, எனக்கு ஒண்ணும் ஆகல!" என்று பாய்லர் குஷியாக உறுமியது.

சுண்டெலி பொறியைச் சுற்றிக்கொண்டு படியேறியது. அதன் வாயில் முதல் குட்டி இருந்தது.