இடமிருந்து வலம் ஓடிய ரயில்

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி வெங்கிடாசலம், துபாயிலிருந்து வந்த ஸ்டீரியோவில் ரயில் சத்தம் பதிந்த டேப்பைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இடது காதிலேர்ந்து வலது காதுக்கு ஓடறதோ?"

"ஓடறது ஸ்வாமி" என்றார்கள் சாயா குடிக்க வந்த தரகர்கள், தலையையும் கூடவே திருப்பி.

"வலது பக்கமே நின்னுண்டிருக்கே" என்றாள் மனைவி கமலாக்ஷி.

"ரசனை வேணும்டி அதுக்கு" என்று சிரித்தவர், விருந்தாளிகள் போனதும் அவளுடைய இடது கன்னத்தில் காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார்.

மறுவாரம் டேப் சிக்கியதென்று சுள்ளிக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்தான். "இடது ஸ்பீக்கருக்கு ஒயரே கொடுக்கலியே, சாமி."

கொடுத்தாயிற்று.

"இப்ப வந்து கேளுடி, நெஜமாவே ஓடறது" என்று கூப்பிட்டார்.

கமலாக்ஷி வந்து கேட்டாள். அறைபட்ட காதில் எதுவுமே விழவில்லை. அவளுக்கு ரயில் இன்னமும் வலது பக்கமே நின்றுகொண்டிருந்தது.

"ஓடறது, நன்னா ஓடறது" என்றாள்.