நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இதையும் திருத்தலேன்னா ஊர் சிரிக்கும் சார்" என்று வாசகர் கடிதத்தை நீட்டினாள் ஜாஸ்லின்.

லூர்துராஜ் அதைக் கையில் வாங்கவே இல்லை.

தமிழ் சினிமா நடிகர்களைப் பற்றி அவர் தொகுத்த தகவல் களஞ்சியம் ஐந்தாம் பதிப்புக்குத் தயார். தஞ்சாவூர் அச்சகத்தில் அதைக் கணினியில் பக்கம் பக்கமாகக் கோப்பவள் ஜாஸ்லின். ஒரு கமாவுக்காக அவளை மூன்று முறை பக்கம் மாற்ற வைத்த மனுஷர் அவர்.

அப்பேர்ப்பட்டவரின் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் ஓட்டை. துணை நடிகர் இராஜாங்கம், பிறப்பு 1946. இறப்பு என்ற இடம் காலி. ஆள் போய் ஆறு வருஷமாகிறது.

"இதுவே தப்புன்னா மத்ததை எப்படி நம்பறதுன்னு கேட்டிருக்காங்க. தேதியை நானே போட்டுட்டேன்."

"எடுத்துடும்மா."

"பேப்பர்லயே வந்த செய்தி சார்."

"தெரியும். மாலை வாங்கிட்டுப் போனவனே நான்தான். எடுத்துடு."

எடுத்தாள். முப்பது வருஷப் பேரை இப்படியா பிடிவாதத்தில் கெடுத்துக்கொள்வது என்று அவளுக்குக் கோபமான கோபம்.

புத்தகம் வந்த அன்று முதல் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, திருவையாறு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "இராஜாங்கத்தோட அக்கா அங்க இருக்காங்க. தாயில்லாப் பிள்ளைன்னு அவங்கதான் வளர்த்தாங்க. இதய ஆபரேஷன் ஆன உடம்பு. தம்பி செத்ததை வீட்டுல சொல்லலை. மகனோட கனடாவுல இருக்கார், காது கேக்காததால போன்ல பேசறதில்லைன்னு சொல்லி வச்சிருக்காங்க. என் புத்தகம் போனா முதல்ல தம்பி பக்கத்தைத்தான் பார்ப்பாங்க."

ஜாஸ்லினுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாங்க தம்பி" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார் அக்கா ஆனந்தவல்லி. புத்தகத்தைக் கொடுக்கும்போதே லூர்துராஜுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

ஆனந்தவல்லி கண்ணாடியை மாட்டினார். நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டினார். காலி இடத்தை விரலால் தடவினார்.

"நீதான் பக்கம் கோக்கற பொண்ணா?"

"ஆமாம்மா."

"எந்த ஊர் ஷூட்டிங்ல இருந்தாலும் ஆடிப்பெருக்கன்னிக்கு அவன்கிட்டேருந்து போன் வந்துடும். ஆறு வருஷமா வரலை. எனக்குத் தெரியாதா?"

ஜாஸ்லின் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"என்னால லூர்துராஜ் தம்பி புத்தகத்துல குறை நிக்க வேணாம். அடுத்த தடவை தேதியைப் போட்டுடு."

"சார் விடமாட்டாரும்மா. நீங்க படிச்சுடுவீங்கன்னு பயப்படுவார்."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆனந்தவல்லி அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"தம்பி, இந்த வருஷம் எனக்கு எழுத்தே தெரியலை" என்றார், உள்ளே வந்த லூர்துராஜிடம். "இனிமே இந்தப் பொண்ணே படிச்சுச் சொல்லட்டும்."