சாலிக்கின் பெயர்

"அமாலி, உனக்கு நெஞ்சுல ஈரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

கேட்டது நான்தான். அமாலியின் புருஷன் ஹென்றிக்கின் அக்கா, பொலெட். தம்பி பெண்டாட்டியை அவள் வீட்டிலேயே வைத்துக் கேட்டேன். கேட்காமல் என்ன செய்வது? பிள்ளை பிறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

வைக்க வேண்டிய பெயர் எது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் பனிக்கடல் பக்கம் ஒருவர் செத்தால், அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் பெயர்தான். பெயர் வந்தால் ஆளே திரும்பி வந்த மாதிரி. ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எனக்கு என் மாமாவின் பெயரும் உண்டு. பெற்ற தாய் சாகும்வரை என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டாள்.

நவம்பரில் எங்கள் ஊர் ரெபெக்காவின் ஒரே மகன் சாலிக், போட்டிருந்த தூண்டிலை எடுக்க, உறைந்த கடல்மேல் நாய்வண்டி கட்டிப் போனான். இருபத்திரண்டு வயசு. பனி இன்னும் சரியாக இறுகவில்லை. பதினோரு நாய்களும் அறுந்த வாரோடு வீடு வந்து சேர்ந்தன. அவன் வரவில்லை.

ஒன்பது நாள் தேடினோம். ஹெலிகாப்டரும் தேடியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. கோயிலில் மணி அடித்து, பாட்டுப் பாடி, அழுது முடித்தோம்.

ஐந்து வாரம் கழித்து அமாலிக்குப் பெண் பிறந்தது. "அப்பாடா, ரெபெக்காவுக்கு மகன் வந்துட்டான்" என்று ஊரே பெருமூச்சு விட்டது. பெயரை மட்டும் வைத்துவிட்டால், ரெபெக்கா அந்தப் பெண்குழந்தையை "மகனே" என்று தூக்கிக் கொஞ்சலாம். அதற்குக் கையுறை தைக்கலாம். பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அமாலி மட்டும் பெயர் வைக்கிற பேச்சையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வேலை பார்க்கிற மீன் ஆலையில் என்னால் தலைகாட்ட முடியவில்லை. கத்தி ஹாலிபட் மீன்மேல் இருக்கும், பேச்சு என்மேல் இருக்கும்.

"என்ன பொலெட், உன் தம்பி பொண்டாட்டிக்கு அந்தப் பேரு பிடிக்கலையாமே?"

"தலைநகரத்துல படிச்சவ இல்ல? கடல்ல போனவன் பேரு ராசியில்லன்னு பயப்படுறா போல."

"பெத்தவ வயிறு பத்தி எரியுது. ஒரு பேரக் குடுக்க என்ன கேடு?"

வாங்கிய பேச்சை எல்லாம் கொண்டுவந்து அமாலியிடம் கொட்டினேன்.

"இப்ப வேண்டாம் அண்ணி" என்றாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே.

"இப்ப வேண்டாம்னா எப்ப? அது பள்ளிக்கூடம் போறப்பவா?"

"விடுங்க அண்ணி."

"புள்ளையப் பாக்க நீ வச்ச காபி விருந்துக்கு ஊரே வந்துச்சு. ரெபெக்கா வந்தாளா? உன் வாசல்ல கால் வைக்கவே அவளுக்குப் பிடிக்கல. உறைக்குதா உனக்கு?"

அவள் கண் கலங்கியது.

"நீயாவது சொல்லேன்டா!" என்று தம்பியைப் பார்த்தேன். அவன் நாய்களுக்குத் தீனி வைக்கிற சாக்கில் வெளியே நழுவிவிட்டான். பெரிய வீரன்.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. தம்பியைத் தலையாட்ட வைத்து, நானே உபதேசியாரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்தேன். ஞானத்தாய் நான்தான். பிள்ளையைக் கையில் ஏந்திப் பெயரைச் சொல்ல வேண்டியதும் நான்தான். உபதேசியார் கேட்டதும் "சாலிக்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் ஊற்றிய பிறகு யார் என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை மத்தியானம், இந்த நல்ல சேதியை என் வாயாலேயே சொல்லலாம் என்று ரெபெக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் ஜனவரி மத்தியானமும் இருட்டுதான். வாசல் விளக்கடியில் உறைந்த மீனைக் கோடாலியால் துண்டு போட்டு நாய்களுக்கு வீசிக்கொண்டிருந்தாள். அவளே பாதியாக இளைத்திருந்தாள்.

"இத்தன நாய எதுக்கு இன்னும் கட்டி அழுற? யாருக்காவது குடுத்துடலாமே" என்றேன்.

"குடுத்துட்டா அவன் வந்து என்னைச் சும்மா விடுவானா?" என்று சிரித்தாள். "ரெண்டு நாய் மெலிஞ்சு போச்சு. அதுக்கே என்ன திட்டுத் திட்டப் போறானோ."

சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அமாலி புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கலதானே?" என்று அவளே கேட்டாள்.

குறைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். "மன்னிச்சுக்க ரெபெக்கா. அவ சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது. நாளைக்கு நானே கோயில்ல சாலிக்னு..."

கோடாலியைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பொலெட். வச்சுடாதீங்க. செத்தவங்க பேரத்தானே வைப்போம்?"

"அப்ப அமாலி...?" என்றேன்.

"டவுன் ஆஸ்பத்திரியிலேர்ந்து புள்ளையத் தூக்கிட்டு ஹெலிகாப்டர்ல வந்து இறங்குன அன்னிக்கே அமாலி இங்க வந்தா. 'அக்கா, நீங்களா சொல்ற வரைக்கும் இவளுக்குப் பேரே வேண்டாம்'னா. யாருகிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சிரிப்பாங்க இல்ல?"

கையை அவள் விடவே இல்லை.

"நீங்கல்லாம் என் மகனுக்கு அழுது முடிச்சுட்டீங்க, பொலெட். அந்தப் பொண்ணு ஒருத்திதான் இன்னும் அவனைச் சாகவிடாம வச்சிருக்கா."