மூன்றாவது கேள்வி

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கினான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான்.

பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைச் சிறிதாக வைத்தான்.

கேட்டில் செருகியிருந்த செய்தித்தாளை எடுத்துவந்து தரையில் விரித்தான்.

நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பத்துக் கேள்விகளுக்கு அளவான இடம்.

எழுதத் தொடங்கினான்.

மனைவி குரூப் டூ தேர்வுக்குப் படித்த மூன்று வருடமும் இதுதான் அவனுடைய காலை வேலை. பேப்பரிலிருந்து பத்துக் கேள்வி எடுப்பான். அவள் சட்னிக்குத் தாளித்துக்கொண்டே பதில் சொல்வாள். எட்டுக்குக் கீழே போனால் கேள்வி எடுத்தவன் சரியில்லை என்பாள். அன்று சட்னியில் உப்பு கூடும்.

அவள் போய் நாற்பத்தொரு நாள்.

கேள்விகள் நிற்கவில்லை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏழாவது கேள்வி: ரயில்வே வாரியத்தின் புதிய தலைவர் யார்?

பழையவரின் பெயர் அவளுக்குத் தெரியும்.

பேனாவை மூடினான்.

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சுகிர்தா. விருதுநகர் நூலகத்தில் அவளோடு சேர்ந்து படித்த பெண். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"கேக்கவே ஒரு மாதிரியா இருக்குண்ணே. அக்காவோட கரண்ட் அஃபேர்ஸ் நோட்டு இருக்குமா? ஞாயித்துக்கிழமை எக்ஸாம்."

அவன் உள்ளே போய் எடுத்துவந்தான். நான்கு நோட்டுகள். நீல அட்டை.

சுகிர்தா நான்காவதைப் பிரித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். மருத்துவமனையில் சேர்த்ததற்கு முந்தைய நாளோடு எழுத்து நின்றிருந்தது.

"பிப்ரவரி வரைக்கும் இருக்கு. போதும்ணே. மிச்சத்தை நாங்க பாத்துக்கிடுறோம்."

அவன் தலையசைத்தான்.

நோட்டுகளை சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். கிளம்பாமல் நின்றாள். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

"அக்கா மாதிரி யாருக்குண்ணே வரும்? எங்களுக்கு 'மேற்கண்ட அனைத்தும் செட்டு'ன்னு பேரே வச்சிருந்துச்சு. நாங்க நாலு ஆப்ஷனையும் பாத்து முழிச்சுக்கிட்டு இருப்போம். அக்கா ஆப்ஷனைக் கையால மறைச்சுக்கிட்டுத்தான் விடை சொல்லும். தெரியாத கேள்வின்னாத்தான் கையவே எடுக்கும்."

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

அவன் கேட்டைப் பிடித்தபடி நின்றான்.

எட்டரை மணி பேருந்து போன சத்தம் கேட்டது. அவன் போயிருக்க வேண்டிய பேருந்து.

நாற்பத்தொரு நாளும் அவன் அவளுக்கு அறுவை நடந்த காலையை ஒரே விதமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கேலி செய்தாள். கத்திக்குப் போகும்போதும் கேலிதான் செய்தாள். அவனை அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினான். சாப்பிட்டான்.

தலைக்குள் கட்டி. அறுவைக்கு முந்தைய நாட்களில் காலைதோறும் டாக்டர் மூன்று கேள்விகள் கேட்பார். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. என்ன கிழமை. முதலமைச்சர் யார். இது எந்த ஊர்.

அவளிடம் போய்.

முதல் நாள் முதலமைச்சரின் பெயரோடு பதவியேற்ற தேதியையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டருக்கே அது தெரிந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் பெயர் மட்டும். கொஞ்ச நேரம் ஆனது.

மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சர் கட்டிலருகே காத்திருந்தது.

கிழமையைச் சரியாகச் சொன்னாள். முதலமைச்சரையும் சொன்னாள்.

மூன்றாவது கேள்வியை டாக்டர் அன்று மாற்றினார்.

அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்தவர் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக அவன் சிரித்தான்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல் எழுதினார். அதன் நகல் பீரோவில் இருக்கிறது. தெளிவு என்று பொருள்.

பிறகு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

இப்போது, கேட்டைப் பிடித்தபடி, அவன் அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டுப் பார்க்கிறான். டாக்டருடையதை. நர்ஸுடையதை. கடைசியாகத் தன்னுடையதை.

வார்டு அமைதியாக இருக்கிறது.

டாக்டர் பேனாவை அவன் பக்கம் நீட்டுகிறார்.

"சரி, இவர் யாரு? சொல்லுங்க பாப்போம்."

அவள் திரும்புகிறாள். அவன் சட்டையைப் பார்க்கிறாள். கழுத்தை. பிறகு முகத்தை. நெற்றி லேசாகச் சுருங்குகிறது. உதடு அசைகிறதா என்று அவன் பார்க்கிறான். ஓரத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறான்.

"ஆப்ஷன் சொல்லுங்க, டாக்டர்."