முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

புது ஸ்கூட்டர், என் சொந்தச் சம்பாத்தியம். முதல் சர்வீஸ் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது என்றார்கள். ஒரு நாளும் மீறவில்லை. கணவரே பஸ்ஸில்தான் போனார். “உன் வண்டியில முதல்ல நான்தான் ஏறுவேன்” என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார், வண்டி வருவதற்கு முந்தின வாரம் தவறிவிட்டார்.

ஐந்நூறாவது கிலோமீட்டரில் சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார்.

“இவ்வளவு பக்குவமா யாரும் ஓட்டினதில்லம்மா. ஆனா பின்னாடி ஆள் ஏத்தியிருக்கீங்களே?”

“ஒருத்தரையும் ஏத்தலை!”

அவர் குனிந்து காட்டினார். பின்னிருக்கையின் இடது ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. வலதில் பாலிதீன் உறைகூடப் பிரியவில்லை.

மாமியார் எப்போதும் ஒருபக்கமாகத்தான் உட்காருவார்.

திரும்பும்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். வேகத்தடை வந்ததும், எப்போதும்போல, தோளில் ஒரு கை அழுந்தியது.