மதுராந்தகம் ஏரியைக் குடித்தவர்

எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்கிறார்கள். இயந்திரம் ஒவ்வொன்றும் ரயில் எஞ்சின் அளவு இருக்கும். சிறுநீரகம் போனவனுக்குத் தண்ணீர் சொட்டுக் கணக்குதான், நாக்கு பாலைவனமாகிவிடும். அதனால் நானும் பக்கத்துப் படுக்கை தனகோடியும் குடிக்காததையெல்லாம் குடித்ததாக அளப்போம்.

"காலையில ரெண்டு கிணத்தைக் காலி பண்ணேன்" என்பேன்.

"அவ்வளவுதானா சார்? நான் மதுராந்தகம் ஏரியையே குடிச்சேன். மீனெல்லாம் தொண்டையில துள்ளுது."

"தண்ணி சேர்ந்து எடை ஏறட்டும், ரெண்டு பேரையும் பாத்துக்கிறேன்" என்று சிஸ்டர் புளோரா சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுவார்.

தனகோடியின் போர்வையை நேற்று அவர் மனைவி அழுதுகொண்டே வாங்கிப் போனாராம். இன்று அந்தப் படுக்கையில் ஓர் இளம்பெண் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"தண்ணியே குடிக்கக் கூடாதா அங்கிள்?"

"அளவாத்தான்மா. ஆனா இங்க இருந்தவர் ஒரு ஏரியையே குடிச்சார்."

அவள் சிரித்துவிட்டாள். "இப்ப எங்க அவரு?"

ஊசியோடு வந்த சிஸ்டர் அப்படியே நின்றார்.

"ஏரி பத்தலையாம். கடலுக்குப் போயிட்டார்" என்றேன்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். நான் கேட்காமலேயே ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணீர் கொண்டுவந்து என் வாயில் ஊற்றினார்.