தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்

சலூன்காரர் குழாயை மூடிவிட்டுச் செடிகளை முறைத்தார்.

இன்றைக்கும் ஒரு பூ இல்லை. மதில் ஓரமாக இரண்டு வரிசை கிளாடியோலஸ் பூச்செடிகள், கத்தி கத்தியாக இலை விட்டுப் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. எருவுக்கும் குறைச்சல் இல்லை, தண்ணீருக்கும் குறைச்சல் இல்லை. பூக்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறது.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் தோட்டத்தில் அதே பூ சிவப்பும் மஞ்சளுமாக மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரம்மாவும் இவர் மனைவியும் ஒரே நர்சரியில், ஒரே கூடையில் பொறுக்கி வாங்கிய கிழங்குகள்தான். அந்த அம்மா வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தில் கால் வைத்தால் அதிகம். இங்கே ஒரு மனிதன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து குனிந்து கிடக்கிறான்.

எரிச்சல் தலைக்கேறியது.

வெறும் பூ என்றால் எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பார். கோடை தொடங்கும்போது மகன் கோபித்துக்கொண்டு வேறு ஊரில் அறை எடுத்துப் போய்விட்டான். அவனுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று மனைவியும் பின்னாலேயே கிளம்பினாள். வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பாத்தியைக் காட்டித்தான் சொன்னாள்.

“முதல் பூ விரிஞ்சதும் சொல்லுங்க, அவனைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுவும் பண்ண வேண்டாம்.”

தண்ணீர் ஊற்றினார். கூடவே எருவும் வைத்தார். சொத்தைக் கிழங்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார். மண்ணைத் திட்டினார், வெயிலைத் திட்டினார்.

சாயங்காலமானால் மனைவி போனில் அதே கேள்வியைக் கேட்பாள். இவர் ‘இல்லை’ என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். இப்படியே கோடையில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

பூக்காவிட்டால் போகட்டும், பார்க்கவாவது லட்சணமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்து கத்தரியை எடுத்தார்.

வழக்கம்தான். அடிக்கொருதரம் ஏதாவது ஒரு செடியில், நடுவிலிருந்து தடித்த இலை ஒன்று மற்றதை மீறி உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நாள் முழுக்கத் தலைகளைச் சமன் செய்கிறவருக்கு அதைப் பார்த்தால் கை நமநமக்கும். எல்லாம் ஒரே நாளில் பூத்துத் தீர்ந்துவிடக் கூடாதென்று மனைவி விட்டு விட்டு நட்டிருந்தாள். அதனால் அவை தலை தூக்கியதும் ஒவ்வொன்றாகத்தான்.

இன்று கடைசிச் செடியின் முறை. நறுக்கென்று வெட்டினார்.

மற்ற நாளாக இருந்தால் பெருக்கித் தள்ளியிருப்பார். இன்று இருந்த ஆத்திரத்தில் விழுந்த துண்டை எடுத்துக் கசக்கினார். இலை என்றால் மடங்கியிருக்க வேண்டும். இது மடங்காமல் பிளந்துகொண்டது.

உள்ளே குட்டிக் குட்டியாக மொட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுனியில் இப்போதுதான் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

நிமிர்ந்து பாத்தியைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாச் செடிகளும் இம்மி பிசகாமல் ஒரே மட்டத்தில் நின்றன.

மகன் சோபாவில் அசந்து தூங்கிய அந்த மதியமும் இதே கத்தரிதான். ஆசை ஆசையாக வளர்த்து, கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்த முடி. எழுந்தவன் கண்ணாடியைப் பார்த்தான். பையை எடுத்தான். முடிதானே, தானா வளரும் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனவர் இவர்தான்.

போன் அடித்தது.

“பூத்துச்சா?” என்றாள் மனைவி.

மொட்டுகள் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“அவன் முடி இப்போ எவ்வளவு வளர்ந்திருக்கு?” என்று கேட்டார்.